ஆறடி இல்லாத மார்ஷல்: உயரம் குறைந்த பையன் வேகப்பந்து வீசலாமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "மால்கம் மார்ஷல்தான் வெஸ்ட் இண்டீஸின் தலைசிறந்த வேகப்பந்து வீச்சாளர் என்கிறார்கள். அவர் ஆறடிகூட இல்லையாமே, அது எப்படி முடிந்தது? என் மகனுக்கு 15 வயது, உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். பயிற்சிக்குப் போகும் இடத்தில் 'இந்த உயரம் பத்தாது, ஸ்பின்னுக்கு மாறிவிடு' என்கிறார்கள். மார்ஷலைக் காட்டி நாங்கள் மறுத்துப் பேசலாமா?"

மேலோட்டமாகப் பார்த்தால் இது மார்ஷலைப் பற்றிய கேள்வி. உண்மையில் நீங்கள் கேட்பது, வேகப்பந்து வீச்சில் உயரம் எவ்வளவு தூரம் முக்கியம், அது இல்லாதவன் எதை வைத்து ஈடுகட்ட வேண்டும் என்பதுதான். மறுத்துப் பேசலாம். ஆனால் "மார்ஷலும் குள்ளம்தான்" என்று மட்டும் சொன்னால் அந்த வாதம் நிற்காது. உயரம் இல்லாத குறையை மார்ஷல் எந்தெந்த வேலைகளால் நிறைவு செய்தார் என்று தெரிந்துகொண்டு பேசினால் நிற்கும். பந்துவீச்சுப் பயிற்சி தரும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். எது உறுதி, எது அவரவர் அபிப்பிராயம் என்பதை அங்கங்கே பிரித்தும் சொல்கிறேன்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாதவை. மார்ஷல் 1978 முதல் 1991 வரை 81 டெஸ்ட் ஆடி 376 விக்கெட் எடுத்தார். சராசரி 20.94. ஏறக்குறைய 47 பந்துக்கு ஒரு விக்கெட். ஒரே இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் 22 முறை. டெஸ்டில் 200 விக்கெட்டைத் தாண்டியவர்களில் அவரைவிடக் குறைந்த சராசரி நெடுங்காலம் யாருக்கும் இருந்ததில்லை. 2024 டிசம்பரில் மெல்போர்னில் பும்ரா 200-ஐத் தொட்டபோதுதான் 20-க்கும் கீழான சராசரியோடு ஒருவர் அந்த எல்லையைக் கடந்தார். மார்ஷலின் உயரம் ஐந்தடி பதினோரு அங்குலம். நம் ஊர்க் கணக்கில் அது குள்ளமே இல்லை. ஆனால் அவரோடு பந்து வீசியவர்களைப் பாருங்கள்: ஜோயல் கார்னர் ஆறடி எட்டங்குலம், கர்ட்லி ஆம்ப்ரோஸ் ஆறடி ஏழங்குலம், மைக்கேல் ஹோல்டிங்கும் கோர்ட்னி வால்ஷும் ஆறடியைத் தாராளமாகத் தாண்டியவர்கள். அந்த வரிசையில்தான் மார்ஷல் சின்ன உருவமாகத் தெரிந்தார்.

உயரம் உண்மையில் என்ன தருகிறது? கார்னர் போன்ற ஒருவரின் கையிலிருந்து பந்து கிளம்பும் இடம் தரையிலிருந்து ஏறத்தாழ 2.3 மீட்டர் இருக்கும். மார்ஷல் உயரத்துக்கு அது 2 மீட்டர் சுற்றி. இந்த 30 சென்டிமீட்டர், பந்து பிட்ச்சில் விழும் கோணத்தில் ஒன்றரைப் பாகை போலத்தான் வித்தியாசம் உண்டாக்கும் (தோராயக் கணக்குதான், ஆனால் அளவு புரியும்). அந்த ஒன்றரைப் பாகையால், நல்ல லெங்த்தில் (பேட்ஸ்மேனிலிருந்து சரியான தூரத்தில்) விழுந்த பந்து உயரமானவரிடமிருந்து வந்தால் பேட்டின் மேல்பகுதியிலோ கையுறையிலோ படும். உயரம் குறைந்தவரிடமிருந்து வந்தால் அதே லெங்த் பந்து பேட்டின் நடுவில் படும். ஆக, பிட்ச்சே ஏதும் செய்யாத நாளில் உயரமானவனுக்குச் சும்மா கிடைக்கும் எகிறல் குள்ளமானவனுக்குக் கிடைக்காது. இழப்பு அவ்வளவுதான், அதற்கு மேல் இல்லை.

பதிலுக்குக் கிடைப்பதும் உண்டு, அதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. தாழ்ந்து வரும் பந்து பிட்ச்சில் பட்டதும் சறுக்கிக்கொண்டு வரும். உயரமானவர் கொஞ்சம் லெங்த்தைக் குறைத்தால் பந்து ஸ்டம்புக்கு மேலே போய்விடும். சறுக்கும் பந்து ஸ்டம்பைத்தான் தேடும். அதனால் எல்.பி.டபிள்யூ., போல்டு இரண்டுக்கும் வாய்ப்புள்ள லெங்த்தின் பரப்பு உயரம் குறைந்தவனுக்குக் கூடுதல். பவுன்சரிலும் இதே கதைதான். உயரமானவரின் பவுன்சர் பல நேரம் தலைக்கு மேல் போகும், பேட்ஸ்மேன் குனிந்தால் முடிந்தது. மார்ஷலின் பவுன்சர் மேலே ஏறாது. தொண்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வந்து நிற்கும். குனிந்தால் தலையில் படும், நிமிர்ந்தால் கையுறையில் படும். முடிவெடுக்கக் கிடைக்கும் நேரமோ அரை நொடிகூட இல்லை. 1986-இல் கிங்ஸ்டன் சபைனா பார்க்கில் ஒருநாள் போட்டி ஒன்றில் இங்கிலாந்தின் மைக் கேட்டிங்கின் மூக்கெலும்பை உடைத்தது அப்படி ஒரு பந்துதான். முகத்தில் பட்ட பந்து ஸ்டம்பிலும் விழுந்து அவர் அவுட்டும் ஆனார். 1983-இல் கான்பூரில் கவாஸ்கரின் கையிலிருந்து பேட்டையே தட்டிவிட்டு, எழும்பிய பந்து கேட்ச் ஆனது. கவாஸ்கர் போல வேகப்பந்தைத் தடுத்து ஆடத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அவர் கையிலிருந்து பேட் பறந்தது என்றால், பந்து அவர் எதிர்பார்த்ததைவிட வேகமாகவும் எதிர்பாராத உயரத்திலும் வந்தது என்றே பொருள்.

இனி மார்ஷலின் உடல் இயக்கம். நீங்கள் பழைய வீடியோக்களைப் பார்த்தால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, ஓட்டம். பக்கவாட்டிலிருந்து சற்றுக் கோணலாக, குறுந்தூர ஓட்டக்காரர்போல் கிட்டத்தட்ட முழு வேகத்தில் வருவார். பந்து வீசும் கோடான கிரீஸ் அருகே அந்த வேகத்தை இழக்க மாட்டார். உயரமானவர்கள் பலர் தாவலில் உயர்ந்து எழும்பி மேலிருந்து அடிப்பார்கள். மார்ஷலின் தாவல் தாழ்வானது, முன்னோக்கியது. ஓட்டத்தின் வேகம் அப்படியே முன்காலில் போய் நிற்கும், அங்கிருந்து கைக்கு மாறும். இரண்டு, நெஞ்சு பேட்ஸ்மேனைப் பார்த்தபடி வீசும் முறை. அவருடைய காலத்தில் பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுத்தது இதற்கு நேர்மாறானது: உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, இடது தோளுக்கு மேலாகப் பார்த்து வீசினால்தான் அவுட்ஸ்விங் (பேட்ஸ்மேனை விட்டு வெளியே வளைவது) வரும், நெஞ்சைக் காட்டி வீசினால் இன்ஸ்விங் (உள்ளே வளைவது) மட்டுமே வரும் என்பார்கள். மார்ஷல் நெஞ்சைக் காட்டி வீசியே பந்தை இரண்டு பக்கமும் திருப்பினார். அது எப்படி என்பதுதான் மூன்றாவது விஷயம்: மணிக்கட்டு.

அவுட்ஸ்விங்குக்குச் சீம் (பந்தின் தையல்) முதல் ஸ்லிப்பைப் பார்க்க வேண்டும், பளபளப்பான பக்கம் வலதுகை பேட்ஸ்மேனின் லெக் பக்கம் இருக்க வேண்டும். இன்ஸ்விங்குக்குச் சீம் லெக் ஸ்லிப்பைப் பார்க்கும், பளபளப்பு ஆஃப் பக்கம். சீம் கிளறிவிடும் பக்கத்தில் காற்று பந்தோடு சற்றுக் கூடுதல் நேரம் ஒட்டிப் போகிறது, வழவழப்பான பக்கத்தில் சீக்கிரம் பிரிந்துவிடுகிறது, அதனால் பந்து சீம் காட்டும் திசைக்குத் தள்ளப்படுகிறது. இது எல்லோருக்கும் பொதுவான இயற்பியல். சிக்கல் எங்கே வரும் என்றால், பெரும்பாலானவர்கள் இன்ஸ்விங் போடும்போது தோளையோ கையின் கோணத்தையோ மாற்றிவிடுவார்கள். நல்ல பேட்ஸ்மேன் அதைப் பார்த்தே தெரிந்துகொள்வார். மார்ஷலுக்குத் தோளும் கையும் மாறாது. மணிக்கட்டு பந்துக்கு நேர் பின்னால் நிற்கும், கடைசிக் கணத்தில் சீமின் திசை மட்டும் மாறியிருக்கும். கையின் வேகம் அவ்வளவு அதிகம் என்பதால் பேட்ஸ்மேனுக்கு அதைப் படிக்க நேரமே இல்லை. இங்கிலாந்தின் கிரகாம் கூச் போன்ற தேர்ந்த தொடக்க ஆட்டக்காரர் டெஸ்டில் 16 முறை மார்ஷலிடம் அவுட் ஆனார். மார்ஷலின் கடைசி டெஸ்ட் விக்கெட்டும், 1991 ஓவலில், அதே கூச்தான்.

இந்தத் திறமையெல்லாம் அவர் வந்த அன்றே இருந்ததா என்றால், இல்லை. உங்கள் மகனுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். 1978 டிசம்பரில் பெங்களூரில் முதல் டெஸ்ட் ஆடியபோது மார்ஷலுக்கு 20 வயது. பார்படோஸ் அணிக்காக ஒரே ஒரு முதல்தர ஆட்டம் ஆடியிருந்தார். ஆஸ்திரேலியத் தொழிலதிபர் கெர்ரி பேக்கர் தனியாக நடத்திய தொடருக்குப் பெரிய வீரர்கள் போய்விட்டதால் கிடைத்த இடம் அது. அந்தச் சுற்றுப்பயணத்தில் 3 டெஸ்டில் 3 விக்கெட்தான். வேகம் இருந்தது, வேறொன்றும் இல்லை. அடுத்த நான்கைந்து ஆண்டுகள்தான் அவரை ஆக்கின. 1979-இல் ஆண்டி ராபர்ட்ஸின் இடத்தில் இங்கிலாந்தின் உள்நாட்டுப் போட்டிகளில் ஆடும் ஹாம்ப்ஷயர் கவுண்டி அணிக்குப் போனார். அங்கே வாரம் முழுக்க ஆட்டம், ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு விதமான பிட்ச், பெரும்பாலும் மெதுவானவை. வெறும் வேகத்தை நம்பி அந்தப் பருவத்தை ஓட்ட முடியாது. ஸ்விங்கும் லெங்த்தும் அங்கே கூடின. 1982-இல் கவுண்டி சாம்பியன்ஷிப்பில் மட்டும் 134 விக்கெட். 1969-இல் ஆட்டங்களின் எண்ணிக்கை குறைக்கப்பட்ட பிறகு யாரும் ஒரே பருவத்தில் அவ்வளவு எடுத்ததில்லை. அதன் பிறகுதான், 1983 முதல், டெஸ்ட் அணியில் அவர் இடம் அசைக்க முடியாததாகிறது.

நம் வாசகர்களுக்கு 1983 என்றால் லார்ட்ஸில் நடந்த உலகக்கோப்பை இறுதிப் போட்டிதான் நினைவுக்கு வரும். அதில் அதிகபட்சமாக 38 ரன் அடித்த நம் ஸ்ரீகாந்தை எல்.பி.டபிள்யூ. ஆக்கியவர் மார்ஷல். பிறகு ஜெஃப் டூஜானோடு சேர்ந்து பேட்டிங்கில் போராடி 43 ரன் சேர்த்தவரும் அவர்தான். மொகிந்தர் அமர்நாத் அந்த ஜோடியைப் பிரித்ததும் கதை முடிந்தது. சில மாதங்களில் வெஸ்ட் இண்டீஸ் இந்தியாவுக்கு வந்தது. கார்னர் வரவில்லை. ராபர்ட்ஸ் கடைசிக் கட்டத்தில்தான் ஆடினார். புதுப்பந்தைப் பொறுப்பேற்று 6 டெஸ்டில் 33 விக்கெட் எடுத்தார் மார்ஷல். கல்கத்தாவில் ஆட்டத்தின் முதல் பந்திலேயே கவாஸ்கர் அவுட். சேப்பாக்கத்தில், தொடக்க ஆட்டக்காரராக இறங்காமல் நான்காவதாக வர முடிவு செய்திருந்த கவாஸ்கர், ஸ்கோர் பலகையில் ஒரு ரன்கூட ஏறும் முன்பே உள்ளே வர வேண்டியதாயிற்று. கெய்க்வாட்டையும் வெங்சர்க்காரையும் மார்ஷல் பூஜ்யத்தில் அனுப்பியிருந்தார். அதே இன்னிங்ஸில் கவாஸ்கர் ஆட்டமிழக்காமல் 236 எடுத்து, பிராட்மனின் 29 சதங்களைத் தாண்டி 30-ஆவது சதத்தை எட்டினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மார்ஷலை எதிர்த்து ஆட வழியே இல்லை என்பதல்ல. டெல்லியில் கவாஸ்கர் ஹூக் ஆடித் திருப்பித் தாக்கி 94 பந்தில் சதம் அடித்தார். ஆனால் அதற்குக் கவாஸ்கர் தேவைப்பட்டார்.

மார்ஷலின் முழு அளவும் தெரிய வேண்டுமானால் இரண்டு ஆட்டங்களை மட்டும் ஊன்றிப் பார்த்தால் போதும். முதலாவது 1984 ஹெடிங்லி. முதல் நாளில் ஃபீல்டிங் செய்யும்போது மார்ஷலின் இடது கட்டைவிரல் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அவருடைய ஆட்டம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வெஸ்ட் இண்டீஸின் ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது லாரி கோம்ஸ் 96-இல் இருந்தார். மார்ஷல் கையில் கட்டோடு இறங்கி, ஒற்றைக் கையால் பேட் பிடித்து நின்றார். கோம்ஸ் சதத்தை முடித்தார். மார்ஷலும் ஒற்றைக் கையாலேயே ஸ்லிப் பக்கம் ஒரு பவுண்டரி தட்டினார். இதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. இடது கையில் கட்டோடு அவர் பந்து வீச வந்தார். வலதுகை வேகப்பந்து வீச்சாளருக்கு இடது கை சும்மா தொங்கும் உறுப்பில்லை. அது மேலே எழுந்து, பின் இடுப்பை நோக்கி வேகமாக இறங்கும்போதுதான் வலது தோள் சுழலும். கட்டுப்போட்ட கையை அப்படி இழுத்தபடி 26 ஓவர் வீசி 53 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். இங்கிலாந்து 159-இல் முடிந்தது. கிரீம் ஃபௌலரைத் தன் பந்தில் தானே கேட்ச் பிடித்தும் அனுப்பினார். அன்று அவர் கண்மூடித்தனமாக வேகத்தை நம்பவில்லை. காற்றில் ஈரம் இருந்தது, பந்து திரும்பியது. வேகத்தைக் கொஞ்சம் அடக்கி ஸ்விங்கை முன்னால் வைத்தார்.

இரண்டாவது 1988 ஓல்ட் டிராஃபோர்டு. 22 ரன்னுக்கு 7 விக்கெட், அவருடைய சிறந்த டெஸ்ட் பந்துவீச்சு. இங்கிலாந்து 93-க்கு ஆல் அவுட். மெதுவான, ஈரம் தங்கிய பிட்ச். அதில் முழு வேகத்தில் குட்டையாகக் குத்தினால் பந்து நின்று வரும், பேட்ஸ்மேனுக்கு வசதி. மார்ஷல் பந்தை மேலே, பேட்ஸ்மேனுக்கு அருகில் போட்டார். ஸ்விங்கும், பிட்ச்சில் பட்டு வெட்டித் திரும்பும் கட்டரும்தான் ஆயுதங்கள். வெளியே வெட்டித் திரும்பும் அந்த லெக் கட்டரை அவர் ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லியிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார் என்பது பரவலாகப் பதிவான செய்தி. எதிரணியின் தலைசிறந்த வேகப்பந்து வீச்சாளரிடம் போய்க் கேட்டுக் கற்றிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். அந்தத் தொடரில் 5 டெஸ்டில் 35 விக்கெட், சராசரி 12.65. அப்போது அவருக்கு 30 வயது. இளமையின் வேகம் குறையத் தொடங்கும் பருவத்தில் அவருடைய எண்கள் இன்னும் கூர்மையாயின.

இனி நிச்சயமில்லாதவை. "மார்ஷல்தான் உலகிலேயே வேகமானவர்" என்று எண்ணோடு சொல்பவர்களை நம்ப வேண்டாம். அவர் ஆடிய காலத்தில் இன்றுள்ளதுபோல ஒவ்வொரு பந்தையும் அளக்கும் வேகமானி கிடையாது. எதிரே நின்றவர்கள் அவரை மிக வேகமானவர்களில் ஒருவராகச் சொல்கிறார்கள் என்ற அளவில்தான் நிற்க முடியும். அடுத்து, "கூட மூன்று புலிகள் இருந்ததால் அவருக்கு எளிதாக விக்கெட் விழுந்தது" என்ற வாதம். இதில் பாதி உண்மை. மறுமுனையில் மூச்சுவிட இடமில்லாத பேட்ஸ்மேன் தவறு செய்வார். ஆனால் அதே புலிகள் விக்கெட்டையும் பங்கு போட்டுக்கொள்வார்கள். நால்வர் பங்கிட்ட பிறகும் ஆட்டத்துக்கு 4.6 விக்கெட் வீதம் மார்ஷலுக்குக் கிடைத்தது என்பது, அந்தத் துணையால் மட்டும் வந்ததில்லை என்று காட்டுகிறது. சக வீரர்கள் குறைந்திருந்த 1983 இந்தியப் பயணத்தின் 33 விக்கெட்டும் அதையே சொல்கிறது. கார்னரின் சராசரி 20.97, ஆம்ப்ரோஸ் 20.99, மார்ஷல் 20.94. இந்த வித்தியாசத்தை வைத்து யாரையும் மேலே கீழே வைக்க முடியாது. நான் மார்ஷலை முதலில் வைப்பதற்குக் காரணம் சராசரி இல்லை. எந்தப் பிட்ச்சானாலும் அவரிடம் ஒரு வழி இருந்தது. ஆம்ப்ரோஸைப் பெரிதாக நினைப்பவரோடு நான் சண்டை போட மாட்டேன்.

இன்றைய விதிகளில் அவர் தேறுவாரா என்றும் கேட்பார்கள். அவர் ஆடிய காலத்தில் ஓவருக்கு இத்தனை பவுன்சர் என்ற கட்டுப்பாடு டெஸ்டில் இல்லை. 1991-இல்தான் ஒரு பேட்ஸ்மேனுக்கு ஓவருக்கு ஒன்று என்று வந்தது, பிறகு ஓவருக்கு இரண்டு என்று தளர்ந்தது. மார்ஷல், குறிப்பாக இங்கிலாந்தில் ரவுண்டு தி விக்கெட் (ஸ்டம்பின் மறுபக்கமாக) வந்து உடம்பைக் குறிவைத்துப் பவுன்சர்களை அடுக்கியது உண்டு. அந்த ஆயுதம் இன்று பாதியாகிவிடும். ஆனால் மேலே சொன்ன இரண்டு ஆட்டங்களும் பவுன்சரால் வென்றவை அல்ல. உயரம் குறைந்தும் மேலே வந்தவர் அவர் ஒருவர் மட்டுமல்ல என்பதற்கும் சாட்சிகள் உண்டு. பேட்ஸ்மேன்களின் உடம்பைக் குறிவைத்து வீசியதால் பேர்போன 1932-33 பாடிலைன் தொடரில் 33 விக்கெட் எடுத்த ஹரால்டு லார்வுட் மார்ஷலைவிடக் குள்ளம். 439 விக்கெட் எடுத்த தென்னாப்பிரிக்காவின் டேல் ஸ்டெய்னும் ஆறடிக்குள்தான். இவர்கள் எல்லோருக்கும் பொதுவானவை வேகமான ஓட்டம், வேகமான கை, சறுக்கி வரும் பந்து.

இப்போது உங்கள் மகன். 15 வயதில் உயரம் இன்னும் நின்றுவிடவில்லை, அதனால் இப்போதே ஸ்பின்னுக்கு மாற்றச் சொல்வது அவசரம். பார்க்க வேண்டியது வேறு. முதலில், அவன் வீசும் முறை. பக்கவாட்டிலிருந்து ஒரு கைபேசியில் மெதுவேக வீடியோ, பின்னாலிருந்து ஒன்று எடுங்கள். பின்கால் தரையில் படும் கணத்தில் பாதம் எங்கே பார்க்கிறது, இடுப்பு எங்கே பார்க்கிறது, தோள் எங்கே பார்க்கிறது என்று பாருங்கள். மூன்றும் ஒரே பக்கம் பார்த்தால் நெஞ்சைக் காட்டி வீசினாலும் சரி, பக்கவாட்டில் வீசினாலும் சரி, ஆபத்து குறைவு. இடுப்பு பேட்ஸ்மேனைப் பார்க்க, தோள் மட்டும் பின்னால் முறுக்கிக்கொண்டு 30 பாகைக்கு மேல் திரும்பினால் அது கலப்பு முறை. கீழ்முதுகு எலும்பில் விரிசல் விழுவதோடு தொடர்புடையதாக ஆய்வுகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது இதுதான். மார்ஷலைப் பார்த்து நெஞ்சைக் காட்டி வீச முயலும் பையன்கள் காலை மட்டும் மாற்றிவிட்டுத் தோளைப் பழையபடியே வைத்துக்கொள்வார்கள், அங்கேதான் இந்தக் கோளாறு பிறக்கிறது.

அடுத்து, சுமை. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் 15 வயதுக்குட்பட்டோருக்கு நெடுங்காலம் வகுத்திருந்த அளவு, ஒரு ஸ்பெல்லில் (ஒரு மூச்சில் தொடர்ந்து வீசும் சுற்றில்) 6 ஓவர், ஒரு நாளில் 12 ஓவர். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வீசக்கூடாது, ஏழு நாளில் நான்கு நாளுக்கு மேல் கூடாது. வலையில் வீசுவதும் இந்தக் கணக்கில் சேரும். நம் ஊரில் ஆட்டத்தின் ஓவரை மட்டும் எண்ணிவிட்டு, மாலை வலையில் அறுபது பந்து போடவைப்பார்கள். வலதுகையால் வீசும் பையனுக்குக் கீழ்முதுகின் இடது பக்கம், பின்னால் வளையும்போது வலித்தால், தைலம் தேய்த்துத் தொடரக் கூடாது. நான் மருத்துவன் இல்லை. அந்த வலிக்கு விளையாட்டுக் காயம் பார்க்கும் மருத்துவரிடம் போவதைத் தவிர வேறு யோசனை என்னிடம் இல்லை.

மூன்றாவது, திறமை. பாதி சிவப்பு, பாதி வெள்ளை நிறமுள்ள பயிற்சிப் பந்து ஒன்று வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பழைய பந்தில் ஒரு பக்கம் பெயின்ட் அடியுங்கள். காற்றில் போகும்போது இரு நிறமும் பிரிந்து தெளிவாகத் தெரிந்தால் மணிக்கட்டு பந்துக்குப் பின்னால் இருக்கிறது. நிறங்கள் குழம்பித் தெரிந்தால் மணிக்கட்டு பக்கவாட்டில் சாய்கிறது, அல்லது கட்டைவிரல் சீமுக்கு அடியில் இல்லாமல் ஓரத்தில் இருக்கிறது. முதலில் அரை ஓட்டத்தில், நின்ற இடத்தில்கூட, சீமை நேராக நிறுத்தப் பழகட்டும். ஸ்டம்பிலிருந்து ஐந்து மீட்டரில் ஒரு கோடு, ஏழு மீட்டரில் ஒரு கோடு போடுங்கள். சறுக்கும் பந்துக்காரனின் சாப்பாடு அந்த இரண்டு மீட்டரில்தான். அதில் அவுட்ஸ்விங் கைவந்த பிறகுதான் இன்ஸ்விங். இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் தோள் மாறத் தொடங்கிவிடும். பவுன்சர் கடைசி. பையன்கள் பவுன்சருக்காக இடது தோளை முன்கூட்டியே கீழே இழுப்பார்கள். பந்து லெக் பக்கம் வழுக்கிப் போகும், இல்லை பிட்ச்சின் நடுவில் குத்தி மெதுவாக எழும்பி நிற்கும். ஹெல்மெட் இல்லாத எவருக்கும், வலையிலும் சரி, அது கூடாது.

மார்ஷல் தானே பிற்காலத்தில் செய்ததும் இப்படிக் கற்றுக்கொடுப்பதைத்தான். தென்னாப்பிரிக்காவில் நேட்டால் அணிக்கு ஆடப் போனபோது அந்நாட்டு வேகப்பந்து வீச்சாளர் ஷான் பொல்லாக்கை வளர்த்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பிறகு வெஸ்ட் இண்டீஸுக்கும் ஹாம்ப்ஷயருக்கும் பயிற்சியாளராக இருந்தார். 1999 நவம்பர் 4 அன்று, 41 வயதில், பெருங்குடல் புற்றுநோயால் இறந்தார். பார்படோஸின் கென்சிங்டன் ஓவலில் ஒரு முனைக்கு அவர் பெயர், எதிர்முனைக்குக் கார்னர் பெயர்.

பயிற்சியாளரிடம் மறுபடி பேசும்போது, "மார்ஷல் குள்ளம்" என்று தொடங்காதீர்கள். இரண்டு வீடியோக்களையும் காட்டி, "இவனுடைய இடுப்பும் தோளும் ஒரே பக்கம் பார்க்கின்றனவா? சீம் நேராக வருகிறதா? ஓட்டத்தின் வேகம் கிரீஸில் குறைகிறதா?" என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் சரியாக இருந்து, அவனுக்கும் வேகப்பந்தில்தான் ஆசை என்றால், 18 வயது வரை அவனை அதிலேயே விடுங்கள். ஓட்டத்தில் வேகமே இல்லை, கையும் மெதுவாகவே வருகிறது என்றால் ஸ்பின் யோசனையை நிதானமாகக் கேட்கலாம். அந்த முடிவு அவனுடைய கை வேகத்தைப் பார்த்து எடுக்கப்பட வேண்டியது, அளவுநாடாவைப் பார்த்து அல்ல.